இசைத்தட்டில் ஏறாத இளமை

தோழரே,

"பாட்டென்றால் அந்தக் காலத்துப் பாட்டு! இப்போது வருவதும் ஒரு பாட்டா?" — இந்தக் கேள்வியைக் கேட்காத கிளை நம்மிடம் உண்டா? போளூரில் கேட்டேன், ஆலங்காயத்தில் கேட்டேன், செங்கத்தில் கேட்டேன். கூட்டம் முடிந்து, விளக்கணைத்து, நாற்காலிகளை அடுக்கிய பிறகு நரைத்த தலைகள் நாலைந்து ஒன்று கூடும். அரசியல் பேசி முடித்தாயிற்று; அடுத்து என்ன? பாகவதர்! பட்டுக்கோட்டை! இலங்கை வானொலி! கண்கள் பனிக்கும், விரல் தொடையிலே தாளமிடும். அருகில் நிற்கும் இளந்தோழன், காதிலே கருவியைச் செருகிக்கொண்டு, இவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று காத்திருப்பான். அவனைப் பார்த்து ஒரு பெருமூச்சு: "உனக்கு எங்கேயப்பா தெரியும் அதெல்லாம்!"

அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இந்த ஞாயிறு பேச விரும்புகிறேன். அற்பச் செய்தி என்று புரட்டிவிட வேண்டாம். ஓர் இயக்கத்தில் மூத்தவர் இளையவரைப் பார்த்து விடும் பெருமூச்சு எதுவும் அற்பமானதன்று.

முதலில் மூத்த தோழர்களுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் ஏங்குவது வெறுங்காற்றுக்கு அல்ல. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், அந்தக் குரலுக்குத் தமிழ்நாடு எப்படி மயங்கிக் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பாகவதரின் குரல் ஒருபுறம். மறுபுறம், வயலிலிருந்தும் விவசாயிகள் இயக்கத்திலிருந்தும் நேரே பாட்டுக்கு வந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படிப்பறிவில்லாதவனுக்கும் பொருள் விளங்கும் சொல். ஆனால் படித்தவனும் வியக்கும் கருத்து. 1951 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். மற்ற 82 பேருக்கு ஏடு எது? நூலகம் எது? பாட்டுத்தான்! 1959ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் கல்யாணசுந்தரம் மறைந்தார், வயது 29. அடுத்த 24ஆம் நாள், நவம்பர் 1இல், பாகவதரும் மறைந்தார். ஒரே மாத இடைவெளிக்குள் இரண்டு தலைமுறையின் தொண்டை அடைத்துப் போயிற்று. அந்த ஆண்டை நினைத்து இன்றும் ஒருவர் கண் கலங்கினால் அதைக் கேலி செய்ய நான் ஆள் அல்லேன்.

அந்தப் பாட்டு வந்து சேர்ந்த வழியையும் நினைவூட்ட வேண்டும். ஏனெனில் ஏக்கத்தில் பாதி அந்த வழியிலேதான் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். பிறகு திருப்பிப் போட வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், சாவி முடுக்க வேண்டும். அதை வாங்கும் வசதி ஊருக்கு ஒருவருக்கு இருந்தாலே பெரிது. ஆனால் கேட்டவர் யார்? ஊரெல்லாம்! கலியாண வீட்டுப் புளியமரத்திலே குழாய் ஒலிபெருக்கி கட்டினால் அடுத்த ஊர் வரை அந்தக் கலியாணம் நடந்தது. கொட்டகைக்காரர் படம் தொடங்குமுன் தட்டுப் போட்டால், அடுப்பு மூட்டிய பெண்கள் எந்தத் தட்டு ஓடுகிறது என்பதைக் கொண்டு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டனர். நமது கூட்டங்களில், பேச வேண்டிய தலைவர் மூன்று மணி நேரம் தாமதித்தாலும் கூட்டம் கலையாமல் காத்தது எது? மேடைக்குப் பின்னே சுழன்ற தட்டுத்தானே! சேர்ந்து காத்தோம், சேர்ந்து கேட்டோம், சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு இருட்டிலே வீடு திரும்பினோம்.

இன்று அதே பாட்டுகள் கைபேசிக்குள் இருக்கின்றன. ஒன்று விடாமல் இருக்கின்றன. விரலால் தொட்டால் பாகவதர் பாடுகிறார். ஆனாலும் மூத்தவருக்கு ஏக்கம் தீரவில்லை என்றால், அவர் தேடுவது மெட்டை அல்ல, அந்தப் புளியமரத்தடியை. இதைப் புரிந்துகொண்டால் இளையவன்மீது கோபம் பாதி தணியும். புளியமரத்தை வெட்டியவன் அவன் அல்லவே!

இன்னொன்றையும் மறக்கிறோம். இன்று நாம் 'பொற்காலப் பாட்டு' என்று போற்றுவதை, அது பிறந்த காலத்தில் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? "கூத்தாடிப் பாட்டு", "காலித்தனம்", "செவிக்குக் கேடு". சொன்னதோடு நின்றார்களா? இல்லை. நாடகத்துக்கும் தெருக்கூத்துக்கும் உயிராக இருந்த ஆர்மோனியத்தையே 1940இல் அகில இந்திய வானொலி வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. 1941இல் அண்ணாமலையில் கூடியவர்கள், தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப்பாட்டுக்கு இடம் வேண்டும் என்று தீர்மானம் போட நேர்ந்தது. தமிழனுக்குப் புரிகிற பாட்டைத் தமிழ்நாட்டில் பாடுவதற்கு ஒரு தீர்மானம்! அதற்கும் எதிர்ப்பு இருந்தது. பிறகு 1952இல் டெல்லியில் தகவல், ஒலிபரப்பு அமைச்சரானார் பி.வி. கேஸ்கர். அவர் காலத்தில் திரைப்பாட்டு வானொலியிலிருந்து ஏறத்தாழ விரட்டப்பட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள்! இங்கே கதவைப் பூட்டியவர்கள் சாவியை இலங்கை வானொலியிடம் கொடுத்துவிட்டதுபோல் ஆயிற்று. 1957 அக்டோபர் 3இல் 'விவித பாரதி' தொடங்கி டெல்லி தானே இறங்கி வந்தது. ஆகவே, தோழரே, எந்தப் பாட்டைக் கேட்டு இன்று உருகுகிறோமோ, அந்தப் பாட்டு ஒரு காலத்தில் பெருமூச்சுக்கும் ஏளனத்துக்கும் ஆளான பாட்டு. ஏளனம் செய்த அந்த நாற்காலியிலே இன்று நாம் போய் உட்காரலாமா?

இவ்வளவும் சமவெளியின் கதை. 'அந்தக் காலத்துப் பாட்டு' என்கிறோமே, யாருடைய அந்தக் காலம்? இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது சமவெளியில் அல்ல; ஜவ்வாது மலையில்.

போளூரிலிருந்தோ, ஆலங்காயம் காவலூர் வழியாகவோ ஏறினால் ஜமுனாமரத்தூர். சுற்றிலும் சிற்றூர்கள், சாமையும் பலாவும் புளியும் தேனும். அங்கே வாழ்பவர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைப்பவர் உண்டு. மலையை ஆள்பவர் என்பதே பொருள், காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு, பேசுவது தமிழ். அங்கே ஒரு சிற்றூரில், சாமை காயப் போட்டிருந்த வாசலில், எழுபதைக் கடந்த ஒரு தாயாரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "அம்மா, உங்கள் சின்ன வயதில் என்ன பாட்டுப் பிடிக்கும்?" பாகவதர் பெயரையோ சௌந்தரராசன் பெயரையோ எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. அந்த அம்மையார் சிரித்தார். "சாமி குத்தறப்போ பாடுவோமே, அதுதான்" என்றார். 'சாமி' என்றது சாமையை. பாடச் சொன்னேன். இரண்டு அடி பாடினார். மூன்றாவது அடியில் நின்றார். அடுத்த வீட்டு மூதாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கும் அந்த இடம் வரவில்லை. "உலக்கையே போயிடுச்சு, பாட்டு எங்க இருக்கும் தம்பி?" என்றார்.

அந்த விடையை எளிதாகத் தாண்டிவிட முடியவில்லை. சாமை சிறுதானியங்களிலும் சிறிது, உமியோ இறுக்கமானது. அதைக் குற்றி அரிசியாக்குவது பெண்களின் தோளை ஒடிக்கும் வேலை. தீட்டும் இயந்திரம் வந்தது. தோளுக்கு விடுதலை வந்தது. நல்லது, ஆயிரம் முறை நல்லது! உலக்கையை மீண்டும் அந்தக் கையிலே கொடுக்க வேண்டும் என்று எவனாவது பாட்டுக்காக ஏங்கிச் சொன்னால், அவன் ஒரு நாள் குற்றிப் பார்க்கட்டும். ஆனால் உழைப்பின் வேதனை ஒழிந்தபோது, அந்த வேதனையைத் தாங்குவதற்காக அந்தப் பெண்களே ஆக்கிக்கொண்ட பாட்டும் கூடவே ஒழிய வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

அந்தப் பாட்டு எவ்வளவு பழையது தெரியுமா? இந்த மலையடிவாரத்துச் செங்கத்தில்தான் சங்க காலத்து நன்னன் ஆண்டான். அவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டே மலைபடுகடாம், பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் குழலும் பையிலே கட்டிச் சுமந்து, மலைவழியே நடக்கிறார்கள். ஜவ்வாதில் பிறக்கும் சேயாறு அந்தப் பாட்டிலேயும் ஓடுகிறது. வழியிலே என்னென்ன ஒலி கேட்கும் என்று புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார்: அருவி ஆடுவோரின் ஆரவாரம், புலி பாய்ந்த கணவன் மார்பின் புண் ஆறுவதற்காக மனைவியர் பாடும் காப்புப் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு. ஆம், வள்ளைப்பாட்டு! தினை சாமையானது, வேறென்ன மாறிற்று? பேரரசுகள் போயின, பல்லவனும் சோழனும் விசயநகரத்தானும் ஆற்காட்டு நவாபும் வெள்ளையனும் வந்து போனார்கள். குற்றும்போது பாடும் வழக்கம் இந்தப் பக்கத்து மலையிலே நிலைத்து நின்றது. அத்தனை காலம் நின்றது, அந்த வாசலிலே, மூன்றாவது அடியிலே அறுந்து தொங்குகிறது.

புலவர் செய்ததைக் கவனியுங்கள். மன்னனைப் பாட வந்தவர், மலையில் உழைப்பவர் எழுப்பும் ஒலியையும் குறித்து வைத்தார். 1889இல் உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடியிலிருந்து பத்துப்பாட்டை அச்சேற்றினார். அதனால் நமக்குத் தெரிகிறது. ஏட்டிலே ஏறியதால் பாட்டு உண்டு என்பதாவது தெரிந்தது. இசைத்தட்டுக் காலம் வந்தபோது என்ன நடந்தது?

இங்கே ஒரு வேடிக்கை. 78 சுற்று இசைத்தட்டு எதனால் ஆனது? அரக்கினால்! மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதைத் திரட்டித் தந்தவர்கள் சோட்டா நாகபுரி முதலிய காடுகளின் பழங்குடி மக்கள். உலகத்துக்கே அரக்கை அனுப்பியது இந்தக் காடுகள்தாம். காட்டு மக்கள் சுரண்டி எடுத்த அரக்கிலே நகரத்து மன்னர்களின் குரலெல்லாம் பதிந்தது. திரட்டியவன் தாய் பாடிய தாலாட்டு பதியவில்லை. ஏன்? அது சரக்காகாது! வாங்க ஆள் இல்லை. ஜவ்வாதிலேயும் அதே கணக்குத்தான். மலையின் சந்தனக் கட்டை ஒவ்வொன்றையும் எடை போட்டு, முத்திரை இட்டு, திருப்பத்தூர்க் கிடங்கில் வரவு வைத்தார்கள். பாட்டுக்குக் கிடங்கும் இல்லை, வரவும் இல்லை.

அறிவியல் மட்டும் மலையை மதிக்காமல் விடவில்லை. 1960களின் இறுதியில் காவலூரில் வானாய்வுக்கூடம் எழுந்தது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச்சில் தெரியவந்தபோது அந்தக் கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்கு இருந்தது. 1986 முதல் வைணு பாப்பு பெயர் தாங்கிய பெரிய தொலைநோக்கி அங்கே நிற்கிறது. பெருமைதான், மார்தட்டிச் சொல்வோம். சூரியனிலிருந்து ஏறத்தாழ 287 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் கோளின் மங்கிய ஒளியைப் பிடித்துக் குறித்து வைத்த மலை அது. அதே மலையில், கூப்பிடு தொலைவில் பாடிய குரலைக் குறித்து வைக்க எத்தனை பேர் ஏறினோம்? வானியலாரைக் கேட்கவில்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். நம்மைக் கேட்கிறேன். தேர்தல்தோறும் ஒலிபெருக்கியோடு ஏறியவர்கள் நாம். நமது பாட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அவர்கள் பாட்டைக் கேட்டு இறங்கினோமா?

இப்போது அந்தப் பெருமூச்சுக்கு வருவோம். உங்கள் இளமைப் பாட்டு கைபேசியில் கிடைக்கிறது. நீங்கள் ஏங்கலாம், ஏங்கியபின் கேட்கலாம். அந்தத் தாயாருக்கு ஏங்கினாலும் கேட்க வழியில்லை. ஏக்கத்திலும், தோழரே, இருப்பவன் இல்லாதவன் என்ற பேதம் இருக்கிறது! தட்டிலே ஏறிய இளமை ஒன்று. தட்டிலே ஏறாத இளமை ஒன்று. நாம் பொற்காலம் என்று கொண்டாடுவது முதலாவதை மட்டுமே. இன்னும் சொல்லப் போனால், ஒலிபெருக்கி மலை ஏறியபோது அந்த மக்களின் கலியாண வீட்டுப் பாட்டை அமுக்கியதில் நமது பொற்காலப் பாட்டுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்வது பட்டுக்கோட்டையாருக்கு இழுக்கு ஆகாது. உழைப்பவன் வாயில் வந்த மெட்டை மதித்தவர் அவர். அந்த மலைக்கு ஏறியிருந்தால் முதலில் காது கொடுத்திருப்பார் என்றே நம்புகிறேன்.

இளையவன் பக்கம் திரும்புங்கள். 'இரைச்சல்' என்று எதைத் தள்ளுகிறோம்? 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்றொரு பாட்டு வந்தது. பேரைக் கேட்டே காதைப் பொத்தியவர் நம்மில் உண்டு. பாட்டை எழுதிப் பாடிய அறிவு, நமது பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியின் வாழ்வையும், ஒப்பாரியின் சாயலையும் எடுத்துப் பாட்டாக்கினார். உலகமெங்கும் கேட்டார்கள். மேடையில் நாம் பல்லாண்டு பேசிய நிலமிழந்தவன் கதையை, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பேரன் பாட்டியின் குரலோடு சொல்லி முடித்தான். நாம் செய்யத் தவறியது அதுதான். இளையவன் யாரும் சொல்லாமலே செய்தான். அவனுக்கு நாம் கொடுக்கும் பட்டம் 'இரைச்சல்'! எல்லாப் புதுப்பாட்டும் இப்படி என்று நான் சாதிக்கவில்லை. குப்பையும் உண்டு, கூடை கூடையாக உண்டு. பொற்காலத்திலும் குப்பை இருந்தது. நினைவு அதைக் கூட்டிப் பெருக்கிக் கொட்டிவிட்டது, அவ்வளவே.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். புதிய வேலை அல்ல. வெள்ளை அதிகாரியாக இருந்த பெர்சி மாக்வீன் சேர்த்த நாட்டுப்பாட்டுகளை வைத்துக் கி.வா. சகந்நாதன் 'மலையருவி'யை 1958இல் தந்தார். 1964இல் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அதற்காகப் பாட்டுத் தேடி அலைந்தவர்களில் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். தாளும் பென்சிலும் மட்டுமே அவர்கள் கருவி. பாட்டின் சொல் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. நமது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இன்று குரலையே பிடிக்கும் கருவி இருக்கிறது. அதில் நாம் பிடிப்பது பெரும்பாலும் நமது முகத்தை!

மலையடிவாரக் கிளைகளுக்குச் சொல்கிறேன்: போளூர், கலசபாக்கம், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர். கிளைக்கு இருவர் போதும். ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். மூத்தவருக்கு மெட்டுத் தெரியும், வயதொத்தவரிடம் பேச்சுக் கொடுக்கத் தெரியும். இளையவனுக்குக் கருவி தெரியும். கொடியும் துண்டும் வேண்டாம், துண்டறிக்கையும் வேண்டாம். அந்த வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். பாட விருப்பமா என்று கேட்ட பின்னரே பதியுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டு எழுந்து வாருங்கள். பாடியவர் பெயரை அவர் சொல்கிறபடியே குறியுங்கள். ஊர், எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது என்பதையும் எழுதுங்கள். சொல்லைத் திருத்த வேண்டாம். நமக்குப் புரியாத சொல் தவறான சொல் ஆகிவிடாது. மலைபடுகடாத்திலும் நமக்குப் புரியாத சொற்கள் ஏராளம், அதற்காக யாரும் அதைத் திருத்தவில்லையே! பதிந்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். ஒரு படி அந்த ஊர்ப் பள்ளியிலும் ஊரார் கையிலும் இருக்கட்டும். திரைப்படக்காரர் எவரேனும் அந்த மெட்டை நாளைக்கு எடுத்தால், எந்தத் தாயின் மெட்டு என்று சொல்லவாவது ஒரு சான்று வேண்டும்.

நான் கேட்ட பாட்டின் மூன்றாவது அடி இன்னும் யாரோ ஒருவர் நினைவில் இருக்கக்கூடும். பக்கத்துச் சிற்றூரிலே, தாய் வீட்டைவிட்டு மணமாகிப் போன ஒருத்தியிடத்தில். அவருக்கும் எழுபது கடந்திருக்கும். சாமை அறுப்பு நேரத்தில் போகாதீர்கள். அப்போது அவர்களுக்கு மூச்சு விட நேரமிராது. அறுப்பு முடிந்து களம் ஓய்ந்ததும் போங்கள், மாலையில் போங்கள், இரவு தங்கும்படி போங்கள்.